மூலம் என்றால் வேர்: பயமுறுத்தும் நட்சத்திரத்தோடு 27 நாள் இருந்து பார்ப்பது எப்படி

"பொண்ணுக்கு மூலமா?" என்று தரகர் கேட்பதோடு எங்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்திருக்கின்றன. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய என் ஜாதக நகலை, இருந்த மடிப்பிலேயே மறுபடி மடித்து அம்மா பக்கம் நகர்த்தி வைப்பார். அம்மா அதை எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றும் பேசாமல் காபி போடப் போய்விடுவாள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, ஏன் என்னைப் பார்த்து ஊரே பயப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் இதற்குள் இறங்கினேன். இறங்கிய இடத்தில் கிடைத்தது வேறு. அதை வைத்து என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், மூலத்தில் பிறக்காதவர்களுக்கும் சேர்த்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பதை நான் நம்பவில்லை. 27 நட்சத்திரம் இருக்கிறது, தோராயமாக 27 பெண்களில் ஒருத்தி மூலமாக இருப்பாள். அத்தனை வீட்டிலும் மாமனார் போய்ச் சேர்ந்திருந்தால் அதை ஜோசியர் சொல்லியா நமக்குத் தெரிய வேண்டும், தெருவுக்குத் தெரு கண்ணிலேயே பட்டிருக்கும். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்பது தப்பு, அது "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்று சொல்லித் தருகிற ஜோசியர்கள் இருக்கிறார்கள். ஆனி மாதத்து மூலம் பௌர்ணமியை ஒட்டி வரும் என்பதால் அது நல்ல விளக்கம்தான், ஆனால் எனக்கு அது போதவில்லை. என் தலையில் இருந்த பயத்தை எடுத்து இன்னொருத்தர் தலையில் வைப்பதுதானே அது. கிரகம் என்ன செய்யும் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, இந்த நட்சத்திரத்தைச் சுற்றி நம் முன்னோர் கட்டிவைத்த கதையையும் உருவத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ஒன்றை மாற்ற அது போதும்.

வானத்தில் போய்ப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஆயுசு முழுக்க ஒரு நட்சத்திரத்துக்குப் பயந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை, நானும் முப்பது வயது வரைக்கும் பார்த்ததில்லை.

ஆடி மாதம் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். ஆவணி பிற்பகுதியில் என்றால் இருட்டியதுமே தெற்கில் நிற்கும். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், ஏறக்குறைய பாதி உயரத்தில், சிவப்பாக ஒன்று மினுங்கும். அது கேட்டை. அதற்கு மேற்கே தேளின் தலை மாதிரி வரிசையாக இருப்பவை அனுஷம். கேட்டையிலிருந்து கீழே இறங்கி, கிழக்கே வளைந்து, மறுபடி மேலே சுருளும் வாலைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போனால் கடைசியில் இரண்டு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டாற்போல் இருக்கும். ஒன்று பளிச்சென்று, இன்னொன்று கொஞ்சம் மங்கலாக. அதுதான் கொடுக்கு, அதுதான் மூலம். அரபிக்காரர்கள் பளிச்சென்ற நட்சத்திரத்துக்கு ஷௌலா என்று பெயர் வைத்தார்கள், தூக்கிய வால் என்று அர்த்தம். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. அந்த வாலுக்குப் பக்கத்தில்தான் நம்முடைய பால்வீதியின் நடுமையம் இருக்கிறது. பழையவர்களுக்கு அது தெரிந்திருக்காது, ஆனாலும் அந்த இடத்துக்கு வேர் என்று பெயர் வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஒரு பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். மந்திரம் ஒன்றும் வேண்டாம். செல்போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கண் இருட்டுக்குப் பழகவே பழகாது.

நிருதியும் அவிழ்க்கிற இருவரும்

மூலத்தின் தெய்வம் நிருதி. அழிவு, சிதைவு, ஒழுங்கு குலைவது, இதற்கெல்லாம் அவள் பெயர். ரிக் வேதத்தில் பத்தாம் மண்டலத்தின் 59ஆம் சூக்தத்தில் நிருதி தூரமாய் விலகிப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப வேண்டுகிறார்கள். பின்னாளில் நிருதி ஆணாகி, எட்டுத் திசைக் காவலரில் ஒருவராகி, மனிதனை வாகனமாகக் கொண்டு கையில் வாளோடு தென்மேற்கில் நிற்கிறார். திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்கள் நிருதி லிங்கத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள், எமலிங்கத்துக்கு அடுத்து வருவது. அடுத்த முறை போனால் அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள், எல்லாரும் வேகமாக நடந்து போய்விடுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

அதர்வ வேதத்தில் இந்த நட்சத்திரம் இரண்டு விதமாக வருகிறது. ஓரிடத்தில், இந்த நேரத்தில் பிறந்த குழந்தையை வேரோடு பிடுங்கப்படுவதிலிருந்து காப்பாற்று என்று வேண்டுகிறார்கள். நம்மூர்ப் பயத்தின் பழைய வடிவம் அது, மூவாயிரம் வருஷமாக அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதே வேதத்தில் இன்னொரு இடத்தில் வாலின் அந்த இரட்டை நட்சத்திரத்துக்கு விச்ருதௌ என்று பெயர். கட்டை அவிழ்க்கிறவர்கள் இருவர் என்று அர்த்தம். "மங்களமான அந்த இரண்டு தாரகைகளும் உதித்துவிட்டன, தலைமுறை வழியாக வந்த நோயின் கட்டை, மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் அவிழ்த்துவிடட்டும்" என்கிற அர்த்தத்தில் ஒரு வேண்டுதல். யஜுர் வேதத்தின் நட்சத்திரப் பட்டியல் ஒன்றில் இந்த இருவருக்குத் தெய்வம் பித்ருக்கள், நம் செத்துப்போன முன்னோர்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிடுங்குகிற நட்சத்திரமும் அவிழ்க்கிற நட்சத்திரமும் ஒன்றுதான், அதுவும் எதை அவிழ்க்கிறது என்றால் பரம்பரையாக வந்ததை. பிடுங்குவதை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவிழ்ப்பதைச் சொல்லவே இல்லை.

இன்னும் பாருங்கள். நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாகனம் செய்வது மூல நட்சத்திரத்தன்று. விஜயவாடா கனக துர்க்கைக்கு அன்றைக்குத்தான் சரஸ்வதி அலங்காரம், கூட்டம் அலைமோதும். அனுமன் பிறந்தது மார்கழி மூலம் என்று நாம் வடைமாலை சாத்துகிறோம். வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகளின் திருநட்சத்திரம் ஐப்பசி மூலம். மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் ஆவணி மூலத் திருவிழாவில். துளசிதாசர் மூலத்தில் பிறந்ததால் பெற்றவர்களே கைவிட்டுவிட்டார்கள் என்று வடக்கே சொல்வார்கள். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து அனுமன் சாலிசா எழுதியவர். சாமிக்கு வந்தால் திருவிழா, பெண்ணுக்கு வந்தால் தோஷம் என்று எப்படிப் பிரித்தார்களோ, எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

செய்யும் முறை

காலண்டரிலோ பஞ்சாங்கத்திலோ மூலம் வருகிற நாளைப் பாருங்கள். நிலா 27 நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் ஒரு சுற்று வரும், ஒரு நாளளவுக்கு மூலத்தில் இருக்கும். வானம் தெளிவாக இருந்து, அந்த நேரத்தில் நிலாவும் மேலே இருந்தால் தேளின் கொடுக்குக்கு மேலாகச் சற்றுத் தள்ளி நிற்பதைப் பார்க்கலாம். ஒரு மூலத்தில் ஆரம்பித்து அடுத்த மூலத்தில் முடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு வேர், அதற்கு மேல் வேண்டாம்.

ஆரம்பிக்கிற அன்று ஒரு நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். நீங்கள் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வருத்தப்படுகிற ஒன்று. "நான் கோபக்காரி" என்று எழுதினால் அது பெரிய சுவர் மாதிரி நிற்கும், எங்கே கை வைப்பது என்றே தெரியாது. "யாராவது என் சமையலில் உப்பு கம்மி என்றால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டேன்" என்று எழுதுங்கள். என்னுடைய வாக்கியம் "யாராவது எனக்கு நல்லது செய்தால் அடுத்த நிமிஷமே மன்னிப்புக் கேட்கிறேன்" என்பது. அதை எழுதவே எனக்கு மூன்று நாள் பிடித்தது.

அப்புறம் நான்கு பாதம், அதாவது நட்சத்திரத்தின் நான்கு கால் பங்கு. ஜோசியத்தில் மூலம் முதல் பாதம் தகப்பனுக்கு ஆகாது, இரண்டாம் பாதம் தாய்க்கு, மூன்றாம் பாதம் சொத்துக்கு, நான்காம் பாதம் நல்லது என்பார்கள். பயமுறுத்துவதற்கு வைத்த பட்டியல் மாதிரி இருக்கிறது அல்லவா, அதையே தோண்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பாதத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள் கொடுங்கள், தினமும் ராத்திரி கால் மணி நேரம் எழுதினால் போதும். முதல் பாதத்தில், இந்த வாக்கியத்தில் அப்பா எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அப்பாவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் யார் எழுந்து நின்றார்கள், எந்த வார்த்தையை அடிக்கடி சொன்னார், எதற்கு வாயே திறக்கவில்லை, இதையெல்லாம் நினைவுக்கு வருகிறபடி எழுதினால் போதும். இரண்டாம் பாதத்தில் அம்மா. இங்கேதான் எனக்குப் பிடிபட்டது: ஜாதகம் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் அம்மா தரகரிடம், "உங்களுக்கு வீண் அலைச்சல், மன்னிச்சுக்கோங்க" என்பாள். நான் இருந்ததற்கே யாரிடமோ மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் குரல்தான் என் வாயிலும் வருகிறது. மூன்றாம் பாதத்தில் பணம், நகை, வீடு, யாருக்கு என்ன போயிற்று, யார் எதற்குக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பது. சில குடும்பங்களில் எல்லா வேரும் இதில்தான் இருக்கும், கூச்சப்படாமல் எழுதுங்கள். நான்காம் பாதத்தில், அந்தப் பழக்கம் உங்களுக்கு என்ன நல்லது செய்தது என்று எழுத வேண்டும். செய்திருக்கும், இல்லாவிட்டால் இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்காது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் என்னை யாரும் திட்டவில்லை.

இந்த நாட்களில் கையால் மண்ணைத் தோண்டுங்கள், இது முக்கியம். தொட்டியில் இருந்தாலும் சரி, தோட்டத்தில் இருந்தாலும் சரி, ஒரு கோரையைத் தேடிப் பிடியுங்கள், நம் ஊரில் அது இல்லாத மண்ணே கிடையாது. முதலில் மேலே பிடித்து இழுத்துப் பாருங்கள், தாள் மட்டும் கையோடு வரும், நாலு நாளில் அதே இடத்தில் பச்சையாக எட்டிப் பார்க்கும். அப்புறம் களைக்கொத்தையோ பழைய கரண்டியையோ எடுத்து மெதுவாகச் சுற்றித் தோண்டுங்கள். கறுப்பு நூலில் கோத்த மணி மாதிரி ஒரு கிழங்கு, அதிலிருந்து மெல்லிசாக ஒரு வேர், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு, அது பக்கத்துச் செடிக்குக் கீழே போகும். அவசரப்பட்டால் நூல் அறுந்துவிடும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். எனக்கு ஒரே ஒரு கோரையை முழுசாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, நகக்கண்ணெல்லாம் மண். எடுத்த கிழங்கைக் கழுவி நசுக்கி மோந்து பாருங்கள், நலங்கு மாவு வாசனை வரும். அந்த மாவில் போடுவதே இந்தக் கிழங்கைத்தான், நாட்டு மருந்துக் கடையில் காய வைத்து விற்பார்கள்.

அடுத்த மூலத்தன்று ராத்திரி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வேள்விச் சடங்குகளை விளக்குகிற பழைய வேத நூலான சதபத பிராமணத்தில் ஒரு செய்தி வருகிறது: பெரிய வேள்வி மேடை கட்டுவதற்கு முன்னால் உமியில் சுட்ட மூன்று கறுப்புச் செங்கல்லை எடுத்துக்கொண்டு தென்மேற்காகப் போவார்கள், தானாகக் குழிந்தோ வெடித்தோ கிடக்கிற தரையில் நிருதிக்கென்று அவற்றை வைப்பார்கள், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். போய்விடு என்று யாரைப் பார்த்து வேண்டினார்களோ அவளுக்கே முதலில் ஒரு பங்கு கொடுத்துவிட்டுத்தான் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். நான் இதிலிருந்து மந்திரமோ சடங்கோ எதையும் எடுக்கவில்லை, அந்த உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணனிடம் மூன்று அடுப்புக்கரி வாங்கினேன். ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது, ஒன்று நானே சேர்த்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் கையில் வைத்து, எதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். "மன்னிச்சுக்கோங்க என்கிற வார்த்தையை இங்கே வைக்கிறேன்" என்று சொன்னபோது குரல் உடைந்தது. மாடியின் தென்மேற்கு மூலையில் மண் மட்டும் இருந்த ஒரு தொட்டியில் குழி பறித்துப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். கால் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அன்று யாரிடமும் அதைப் பற்றிப் பேசாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். தெருவிலோ அடுத்தவர் வாசலிலோ மட்டும் எதையும் வைத்துவிடாதீர்கள், பார்க்கிறவர்கள் செய்வினை என்று பயந்துபோவார்கள்.

குழி பறித்த இடத்தைச் சும்மா விட்டால் கோரைதான் முளைக்கும். அதனால் மறுநாளிலிருந்து சரஸ்வதியின் பங்கு: புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆரம்பியுங்கள், தினமும் கொஞ்சம். பழைய வாக்கியம் வருகிற இடத்துக்கு நேராக இருக்கிற ஒன்றாக இருந்தால் நல்லது. நான் "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தப் பழகினேன். கேட்கச் சின்ன விஷயம்தான், எனக்கு அது வீணை கற்றுக்கொள்வது போல இருந்தது.

அனுமனின் பங்கும் ஒன்று உண்டு. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அவனுக்கு அவன் பலம் மறந்துபோயிருந்தது, ஜாம்பவான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உங்களை ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருவரிடம் போய், நான் எதில் நன்றாக இருக்கிறேன் என்று கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, அதை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். என் சித்தி சொன்னதை நான் இன்னமும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

எப்போது செய்யக் கூடாது

வீட்டில் யாராவது தவறி ஒரு வருஷம் ஆகவில்லை என்றால் இந்தத் தோண்டல் வேண்டாம், அந்த மண் இன்னும் ஈரம். பல வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற நினைப்பு வருகிறது என்றால் நட்சத்திரம், நோட்டு எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். சின்ன வயதில் யாராவது உங்களைக் கொடுமைப்படுத்தியிருந்தால் முதல் இரண்டு பாதங்களைத் தனியாக எழுதாதீர்கள், ஒரு ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதுங்கள். எழுதும்போது மூச்சு முட்டினால் பேனாவை வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுங்கள், அன்றைக்கு அது போதும். மூல தோஷத்துக்குப் பரிகாரம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முக்கியமாக, இந்த முறையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ செய்யச் சொல்லாதீர்கள். அவளுக்கு ஏற்கனவே போதுமான பேர் சொல்லிவிட்டார்கள்.

நான் இதுவரை ஆறு சுற்று செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிழங்கு முழுசாக வந்துவிடவில்லை, இரண்டு முறை நூல் அறுந்து அதே வாக்கியத்துக்குத் திரும்ப வந்தேன். போன ஆடியில் அம்மாவை மாடிக்கு அழைத்துப்போனேன். முட்டி வலியோடு படி ஏறி வந்தாள். கேட்டையைக் காட்டி, வாலைக் காட்டி, கடைசி இரண்டையும் காட்டினேன். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இதுவா? ரெண்டும் ஒண்ணா நிக்குதுங்களே" என்றாள். அவ்வளவுதான் பேசினாள், ஆனால் கொசு கடித்தும் ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை.